வியாழன் பிற்பகலுக்கு ஓர் ஆலோசகர்

வியாழன், ஒக்டோபர் 3

ஆபிரிக்காவிலிருந்து கடல் தாண்டிச் சிசிலிக்கு வரும் சூட்டுக் காற்று. பல்கனியெல்லாம் செம்மணல். இரண்டு தரம் கூட்டியாயிற்று.

ஒழுங்காக எழுதினால் ஒழுங்காக யோசிக்கலாம் என்று ஒரு நினைப்பு. இதில் வரப்போவது:

1. எனக்கும் றெஜினாவுக்கும் (இனி றெ.) என்ன நடந்தது.
2. எங்களுக்கு ஏற்ற உளவளத்துணையாளர் (குடும்ப ஆலோசகர்): இங்குள்ள நம்மவர்களைத் தெரியாதவர், ஐம்பது தாண்டியவர், வியாழன் பிற்பகலில் நேரம் உள்ளவர்.
3. தேடுவது எப்படி.
4. மொழி. றெ.க்குத் தெரிந்தது வேலைவீடுகளில் பழகிய இத்தாலியன் மட்டும். ஆகவே நான் மொழிபெயர்க்க வேண்டும்.
5. முடிவு. (தெரியாது.)

முதலாவது. பங்குனியில் எனக்குப் பிறர் வீட்டு வேலையிலிருந்து ஓய்வு. அதன்பின் நாள் முழுக்க வீட்டில். ஆவணியில் றெ. கடற்கரைப் பக்கம் மொண்டெல்லோவில் ஒரு வயோதிப சிஞோராவைப் (வீட்டு எஜமானியை) பார்க்கும் வேலைக்குப் போய்விட்டாள். தங்கி வேலை. அறுபத்து நான்கு வயதில்! வியாழன் பிற்பகலும் ஞாயிறும் மட்டும் லீவு, இங்கே தங்கி வேலை செய்யும் எல்லோருக்கும் போல.

காரணம் கேட்டேன். "உங்களுக்குத் தெரியும்." எனக்குத் தெரியாது. சந்தேகம்: அடுப்படித் தூள் போத்தல்களில் நான் ஒட்டிய பெயர்ச்சீட்டுகள்.

இன்று வந்தாள். நின்றபடியே சாப்பிட்டாள்.

"சிஞோராவின்ரை மகன் நிரந்தரமாக் கையெழுத்து வைக்கச் சொல்லுறார். மாத முடிவுக்குள்ளை பதில் சொல்லவேணும்."

"அப்ப நான்?"

"ஆரும் படிச்ச ஆளிட்டைப் போய்க் கதைப்பம். சரிவராட்டி நான் அங்கையே இருக்கிறன்."

இவ்வளவும் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள். போன பிறகு பாத்திரம் கழுவினேன். ஒரே கோப்பையை மூன்று தரம். சூடு காரணமாக இருக்கலாம்.

வியாழன், ஒக்டோபர் 10

காற்று நின்றது. வாங்க வேண்டியவை: மூக்குக் கண்ணாடிக்கு ஆணி, பூண்டு.

முதல் ஆலோசகர். வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய மாளிகையில், இரண்டாம் மாடி. மூன்று தகுதியும் உள்ள அம்மையார். யோசித்துத் தெரிவுசெய்ததில் சிறிது பெருமைகூட.

வியாழன் பிற்பகல் என்றால் பஸ் முழுக்க நம்மவர்கள். இதை யோசிக்கவில்லை. பங்குக் கோயிலில் பாடல்குழு நடத்தும் பிலோமினா பின் சீட்டிலிருந்து:

"என்ன மாஸ்டர், சோடியா வெளிக்கிட்டியள்?"

"பல்லு டொக்டரிட்டை."

"ரெண்டு பேருமோ?"

"ஓம். ரெண்டு பேருக்கும் கடைவாய்."

றெ. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிப்பா, அழுகையா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

மேலே போனால் பட்டு நாற்காலி, கோப்பி, வெள்ளித் தட்டு. இருவரும் நாற்காலி நுனியில். அம்மையார் கேட்டார்: "வீட்டில் எப்படி இருக்கிறீர்கள்?"

இரண்டு வாயிலிருந்தும் ஒன்றாக வந்தது: "எல்லாம் நல்லது, சிஞோரா."

முப்பது வருடப் பழக்கம். சிஞோரா ஒருவர் கேட்டால் எங்களுக்கு வேறு பதில் வராது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் இதுதான். பிறகு அவர் என்ன கேட்டும் அதே பதில். நடுவில் றெ. கோப்பைகளை எடுத்துப்போய்க் கழுவி வைத்தாள். இறங்காமல் நின்ற ஜன்னல் பலகையை நான் சரிப்படுத்தினேன். இவ்வளவு ஒத்துப்போகும் தம்பதியைத் தான் கண்டதில்லை என்றார் அம்மையார். வாசலில் வைத்து, றெ.க்குக் காலைகளில் நேரம் இருக்குமா என்றும் கேட்டார்.

படியில் றெ.: "வேலை தேடிப் போகேக்கை ஒருநாளும் இவ்வளவு கெதியாக் கிடைக்கேல்லை."

ஞாயிறு, ஒக்டோபர் 13

பூசை முடிய ஏழு பேர் பல் விசாரித்தார்கள். கராம்பு எண்ணெய் ஒரு போத்தல் இலவசமாகக் கிடைத்தது. பாதர்கூட என் தாடையைப் பார்த்தார்.

அந்தக் கோப்பி அம்மையாரிடம் தோற்றது எங்கள் நாக்குத்தான்: இத்தாலியனில் கேட்டால் 'நல்லது' தவிர ஒன்றும் வராது. ஆகவே தகுதிகளைத் தளர்த்தினேன்: தமிழர் ஆனாலும் சரி, ஞாயிறு ஆனாலும் சரி, தூரத்தில் இருந்தால் போதும். ரொறன்ரோவில் ஒருவர். கணினியில் முகம் பார்த்துக் கதைப்பவர். பின்னேரம் இருவரும் திரைக்கு முன் அமர்ந்தோம். முகம் தெரிந்ததும் அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"சேர்! என்னைத் தெரியேல்லையே சேர்? கணக்கு வகுப்பிலை கடைசி வாங்கு!"

தெரிந்தது. ஊரில் நான் வாத்தியாராக இருந்தபோது பின்னக் கணக்கு வராத பையன். இப்போது நரை.

"இரும், தம்பி."

இருந்தார். றெ. சொல்லத் தொடங்கினாள்: "தம்பி, இவர் சட்டியைத் திறந்து திறந்து மணந்து பாக்கிறார்…"

"சேர் எதையும் காரணமில்லாமல் செய்யமாட்டார், அம்மா."

"நான் உப்புப் போட முந்தியே…"

"சேர் அப்பவும் சரியா அளந்துதான், அம்மா."

றெ. கணினியை மூடினாள். "உவன் இன்னும் உங்கடை பிரம்புக்குப் பயந்துகொண்டு இருக்கிறான்."

நல்ல பையன். பணம் வாங்க மறுத்துவிட்டான். ஆனால் மாதத்தில் பாதி போய்விட்டது. இரவு கணினியில் அரசாங்க நிலையம் ஒன்றில் நேரம் பதிந்தேன், ஆலோசகரின் வயது பார்க்காமலே.

வியாழன், ஒக்டோபர் 17

சாரல். குடை மறந்தேன். அரசாங்கக் குடும்ப ஆலோசனை நிலையம், பிளாஸ்டிக் நாற்காலி. டொட்டோரெஸ்ஸாவுக்கு (பெண் ஆலோசகரை இங்கே அப்படித்தான் அழைப்பது) முப்பது இருக்கலாம், மூக்கில் வளையம். கோப்பி தரவில்லை. அது நல்லதாய்ப் போயிற்று.

ஏற்பாட்டின்படி றெ. தமிழில், நான் இத்தாலியனில்.

"அடுப்படியிலை எனக்கு மூச்சுவிட இடமில்லை எண்டு சொல்லுங்கோ."

சொன்னேன்: "சமையலறை சிறியது என்கிறாள்."

"நான் வெட்டின வெங்காயத்தைத் திருப்பி வெட்டுறார்."

சொன்னேன்: "நான் உதவி செய்கிறேன் என்கிறாள்."

றெ. என்னைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை டொட்டோரெஸ்ஸா பக்கம் திருப்பினாள். பிறகு இத்தாலியன். சந்தைப் பெண்கள் பேசும் வேகத்தில், பாதி சிசிலியன், கையும் சேர்ந்து. எனக்குப் பிடிபட்ட அளவில்:

"நான் அப்படிச் சொல்லவில்லை. முப்பது வருடம் மற்றவர்களுடைய சமையலறைகளில் நின்றேன். எனக்கென்று இருந்தது ஒன்றுதான். இவர் ஓய்வுபெற்று வந்து, நீ இரு, நான் செய்கிறேன் என்றார். எந்தச் சிஞோராவும் முன்னறிவித்தல் இல்லாமல் என்னை வேலையால் நிறுத்தியதில்லை. இவர் நிறுத்தினார்."

டொட்டோரெஸ்ஸா என்னிடம் திரும்பி, "அப்படியா?" என்றார். நான் பழக்கதோஷத்தில் அதை றெ.க்குத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். இருவரும் சிரித்துவிட்டார்கள். "எல்லாம் நல்லது" என்று வாய்வரை வந்தது. விழுங்கினேன். "அவள் களைத்துப்போனாள் என்று நினைத்தேன்," என்றேன். உண்மை அதுதான். முப்பது வருடம் நின்றவள் இருக்கட்டும் என்றுதான்.

றெ. கைப்பையைத் திறந்து மூடினாள்.

பஸ் தரிப்பிடத்தில்:

"ஞாயிற்றுக்கிழமை வாறன். மீன் வாங்கி வையுங்கோ. வெட்டக்கூடாது, கழுவக்கூடாது."

"வாங்கலாமோ?"

"வாங்கலாம். இது புறோவா." வேலைக்கு எடுத்தால் முதலில் ஆள் சரிவருமா என்று பார்க்கும் காலத்துக்கு இங்கே அந்தப் பெயர்.

"ஆருக்கு, உமக்கோ?"

"உங்களுக்கு."

ஞாயிறு, ஒக்டோபர் 20

வெயில். மீன்: சூரை, முழுதாக. தொடவில்லை.

றெ. சமைத்தாள். நான் கதிரையில், கை இரண்டும் மடியில்.

"புளி எங்கை?"

எழுந்தேன்.

"இருங்கோ. வாயாலை சொன்னாப் போதும்."

சொன்னேன். சட்டி மணந்தது. உப்புக் கூட என்று மூக்குச் சொன்னது. அடக்கினேன். கொஞ்ச நேரம் கழித்து, திரும்பிப் பாராமலே ஒரு வெங்காயத்தை என் பக்கம் நீட்டினாள். "உரியுங்கோ. உரிச்சாப் போதும்."

உரித்துக்கொண்டிருக்கும்போது சிஞோராவின் மகனுக்குத் தொலைபேசி எடுத்தாள். சிசிலியன் மழைபோலக் கொட்டியது. இருமுறை சிரித்தாள், ஒருமுறை அதட்டினாள். ஒரு சொல்கூட எனக்கு விளங்கவில்லை. கண் எரிந்தது, வெங்காயம்.

"என்ன சொன்னீர்?"

"பகல் வேலைக்கு மட்டும் வாறனெண்டு. இரவிலை வேறை ஆளைப் பாக்கச் சொன்னன். அந்த மூக்குவளையப் பிள்ளையிட்டை அடுத்த வியாழனுக்கும் நேரம் எடுத்திருக்கு. நீங்களும் வாங்கோ, பேசாமல் இருங்கோ."

மேலே 4 (மொழி) என்று எழுதியது பிழை. மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டது எனக்கு.