கரையிலே யார் நிக்கறா?

மயிலாப்பூர்,
11-10-1999

நீரு குழந்தைக்கு, அப்பா ஆசீர்வாதம்.

இவ்விடம் க்ஷேமம்னு எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உன் போட்டோவைப் பார்த்தப்புறம் அது எங்கே வரது? கால்லே பலகை, இடுப்பிலே கயிறு, தலைக்கு மேலே நம்மாத்து ஹாலைவிடப் பெரிசா ஒரு காத்தாடி. இப்படிச் சமுத்திரத்திலே நிக்கறே! இதுக்குப் பேர் விளையாட்டாம்! அம்மா யாரோ வெள்ளைக்காரின்னு நினைச்சுப் பக்கத்தாத்து மாமிகிட்டே காட்டினா. "ஏண்டி அபயாம்பா, இது நம்ம நீரஜான்னா!"ன்னு மாமி சொன்னதும் அப்படியே உட்கார்ந்துட்டா.

ரெண்டாயிரம் பொறந்தா கம்ப்யூட்டரெல்லாம் கெட்டுப்போகும், சரிபண்ணப் போறேன்னுதானே பெர்த்துக்குப் போனே? காத்து உன்னைத் தூக்கிண்டு போனா யார் பிடிப்பா? மெரினா நீச்சல் குளத்துக்கு நாலு நாள் போனே, ஜலதோஷம் பிடிச்சுது, நின்னுட்டே. அவ்வளவுதான் உன் நீச்சல். நிறுத்திடும்மா. மாட்டேன்னா, நீ தண்ணியிலே இருக்கறச்சே கரையிலே யார் நிக்கறா, அதையாவது எழுது.

பயத்தோடு,
அப்பா


பெர்த்,
26-10-1999

அப்பாவுக்கு நமஸ்காரம்.

நீங்கள் நினைக்கிற மாதிரி எடுத்ததும் கடலில் தள்ளிவிட மாட்டார்கள். முதலில் மணலில், சின்னக் காத்தாடியோடு. ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட், விசில் எல்லாம் உண்டு. கரையிலிருந்து கடல் பக்கம் காற்றடித்தால் காத்தாடிப் பையையே திறக்கக் கூடாது. பரீட்சையில் தேறி லைசென்ஸ் அட்டை வாங்கினால்தான் தனியாகப் போகலாம்.

அந்தப் பரீட்சையில்தான் நான் ஃபெயில். அதுவும் ரெண்டு தடவை. மாஸ்டர் கோலின் கத்தினவுடனே பிடியை ரெண்டு கையாலும் விட்டுவிட வேண்டும். விட்டால் காத்தாடி தானே சுருண்டு விழுந்துவிடும், ஆபத்தில்லை. என் கை திறக்கவே மாட்டேன் என்கிறது. போன வாரம் திடீர்க் காற்றில் மணலோடு இழுத்துக்கொண்டு போய், முகவாயில் தையல். பயப்படாதீர்கள், ஆறிவிட்டது.

"உனக்குக் காத்தாடி விடக் கற்றுக்கொடுத்தது யார்?" என்று கோலின் கோபமாகக் கேட்டார். என்ன சொல்வேன்? கோடை லீவில் மொட்டைமாடியில் பின்னாலேயே நின்றுகொண்டு, "விடாதேடி! நூலை விட்டா மானம் போச்சு!" என்று கத்தினது நீங்கள்தானே அப்பா? விரல் அறுந்து ரத்தம் வந்தால்கூட நான் விட்டதில்லை.

அன்புடன்,
நீரு


மயிலாப்பூர்,
9-11-1999

நீரு,

முகவாயிலே தையலா! ஐயோ, ஈஸ்வரா! அம்மாவுக்கு வாசிக்கறச்சே அந்த இடத்தைத் தாண்டிட்டேன். "என்னன்னா முழுங்கறேள்?"ன்னு கேட்டா. சமாளிச்சேன்.

கையிலே இருக்கறதை விடறது என்ன பிரமாதம்னு எனக்கு ஒரே எரிச்சல். ஒரு காத்தாடியை வாங்கிண்டு பட்டினப்பாக்கம் போனேன். மீன் விக்கற அய்யாதுரைதான் தூக்கிவிட்டான். நன்னா ஏறித்து. இப்போ விடலாம்னு பார்த்தா, விரல் இன்னும் இறுக்கிக்கறது! "இன்னா சார், புட்ச்சிக்கினே நிக்கிறே? கை அறுந்துகினு கீது பாரு!"ன்னு அவன் சிரிக்கறான். வெக்கமாப் போச்சு. நூலைச் சுத்திண்டு வந்துட்டேன்.

மறுநாளும் போனேன். கயா சிராத்தத்திலே நானும் அம்மாவும் இனிமே சாப்பிடறதில்லைன்னு ஆளுக்கொரு காயை விட்டோமே, ஞாபகம் இருக்கா? நான் உசிரா இருந்த வாழைக்காயை விட்டேன். மனசுக்குள்ளே நினைச்சா செல்லாது, வாய்விட்டுச் சொல்லணும்னார் பண்ணிவெச்ச வாத்தியார். அதே மாதிரி "விட்டேன்!"னு உரக்கச் சொன்னேன். கை திறந்துடுத்து! காத்தாடி எங்கேயோ போச்சு, போகட்டும். நீயும் கத்திண்டே விடு. யார் என்ன நினைச்சா என்ன?

நான் கேட்டதுக்கு மட்டும் நீ பதிலே எழுதலை. கரையிலே யார் நிக்கறா?

அப்பா


பெர்த்,
28-11-1999

அன்புள்ள அப்பா,

தேறிவிட்டேன்! "விட்டேன்!" என்று நான் போட்ட சத்தத்தில் கோலின் பயந்தே போனார். அட்டை கைக்கு வந்துவிட்டது.

நீங்கள் கேட்டதற்கு வேண்டுமென்றேதான் பதில் எழுதவில்லை. யாராவது ஒருத்தர் கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தால்தான் தண்ணீரில் இறங்கலாம். அது இங்கே சட்டம். எனக்காக நிற்கிறவர் காஷிஃப். ராயப்பேட்டைக்காரர், என்னோடு வேலை பார்க்கிறார். தையல் போட ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினதும் அவர்தான். நாங்கள் கல்யாணம் பண்ணிக்கொள்ள நினைத்திருக்கிறோம் அப்பா. ஃபோனில் சொல்ல தைரியமில்லை. திட்டியாவது நாலு வரி போடுங்கள். பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

உங்கள்,
நீரு


மயிலாப்பூர்,
24-12-1999

நீரஜாவுக்கு,

உடனே பதில் போட முடியலை. எழுதி எழுதிக் கிழிச்சேன். அம்மா என்னோடயும் பேசறதில்லை, ஏதோ நான்தான் பண்ணிவெச்ச மாதிரி. எனக்கும் கோபம்தான், இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். அதையெல்லாம் நீ நேரே வா, உட்கார்ந்து சண்டை போட்டுக்கலாம். ரெண்டு பேருமா வந்தாலும் சரி.

ஆனா இந்தக் கடுதாசி வந்து சேரறதுக்குள்ளே எத்தனை தடவை தண்ணியிலே இறங்குவியோ! ராத்திரியெல்லாம் அதுதான் ஓடறது. கரையிலே நிக்கறதுன்னா சும்மா நின்னா போறாது. புஸ்தகம் படிக்கக் கூடாது, யாரோடயும் பேச்சுக் கொடுக்கக் கூடாது, நீ ஏறி வர வரைக்கும் கண்ணை எடுக்கக் கூடாது. நான் சொன்னேன்னு சொல்லு.

காஷிஃபுக்கு நீச்சல் தெரியுமா? முதல்லே அதை எழுது.

அப்பா