கொள்ளிடத்தில் உன் கழுத்தளவு

இன்று காலை ஸ்ரீரங்கம் வீட்டுச் சுவரிலிருந்து நம் படத்தைக் கழற்றித் துடைத்தேன். பொன்மலைப் பணிமனைக் கால்பந்துக் குழு. பின்வரிசையில் நீயும் நானும் தோளோடு தோள், ஒரே உயரம். வருகிறவர்களிடமெல்லாம் இதைக் காட்டிப் பீற்றிக்கொண்டவன் நான்.

உன்மேல் எனக்குப் பொறாமைதான். உன்னிடம் இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? மணல் குவாரி ஆலோசனைக் குழுவில் பொதுமக்கள் சார்பாக ஓர் இடம் இருந்தது. இருவரும்தான் விண்ணப்பித்தோம், உன்னை எடுத்தார்கள். நான் பன்னிரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன், யாரும் புரட்டக்கூட இல்லை. நீ என்ன செய்தாய்? குழு கொள்ளிடத்தைப் பார்வையிடப் போன அன்று, அளவுநாடாவை மறந்துவிட்டோம் என்றார்கள் அதிகாரிகள். நீ செருப்பைக் கழற்றிவிட்டுக் குவாரிக் குழிக்குள் இறங்கி நின்றாய்.

"நாடா எதுக்குங்க, நான் இருக்கேன்ல? எழுதிக்குங்க."

எழுதினார்கள்: ஆழம், உறுப்பினரின் கழுத்தளவு. ஊரே உன்னைக் கொண்டாடியது. கரையில் நின்று பார்த்த எனக்கு வயிறு எரிந்தது.

நீ கண்ணை மூடியபின் அந்த இடம் எனக்கு வந்தது. போன வாரக் கூட்டத்தில் அதே குவாரிக்கு அனுமதியை நீட்டிக்கக் கேட்டார்கள். ஐந்து அடிக்கு மேல் தோண்டியிருந்தால் நீட்டிக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லலாம், கரையோரக் குடிநீர்க் கிணறு தப்பும். குழியையோ வெள்ளம் மூடிவிட்டது. மிச்சம் இருந்தது உன் கழுத்துதான்.

"ஆளே இல்லைங்க, எந்தக் கழுத்தை அளக்குறது?" என்றார் குவாரிக்காரர்.

நான் நெஞ்சை நிமிர்த்தி எழுந்தேன். "அவனும் நானும் ஒரே உயரங்க. என்னை அளங்க." செல்போனில் இந்தப் படத்தையும் காட்டினேன்.

அளந்தார்கள். கழுத்துவரை நாலு அடி பத்து அங்குலம். குவாரிக்காரர் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தார். கிணறு போயிற்று என்று தெரிந்தது. நான் சொன்னேன்: "படத்துல நான் செங்கல் மேல நிக்கிறேங்க. முன்னாடி உட்கார்ந்திருக்கவங்க மறைச்சிருக்காங்க."

அறையே சிரித்தது. அதிகாரி மட்டும் பேனாவை எடுத்தார். "எத்தனை செங்கல் அய்யா?"

"ஒண்ணுதாங்க. மூணு அங்குலம்."

ஐந்து அடி ஓர் அங்குலம் என்று எழுதினார். நீட்டிக்க வேண்டாம் என்று குழு பரிந்துரைத்தது. அது வெறும் ஆலோசனைதான், முடிவு மேலிடத்துக்கு. "குறிப்புல ஏத்திட்டா அவங்க பதில் சொல்லியாகணும்டா" என்பாயே, அந்தத் தெம்பில் கையெழுத்துப் போட்டேன்.

படம் எடுத்த அன்று அந்தச் செங்கல்லைக் காலால் என் பக்கம் தள்ளியவன் நீ. கடைசிவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மையைத்தான் என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கூட்டக் குறிப்பின் நகல் தபாலில் வந்திருக்கிறது. நீ குழியில் இறங்கி நின்றது அதில் விவரமாக இருக்கிறது. என் பெயருக்கு எதிரே ஒரே வரி: செங்கல் மேல் நின்றதாக உறுப்பினர் ஒப்புக்கொண்டார். அதற்கும் சட்டம் போட்டு, நம் படத்துக்குப் பக்கத்தில் மாட்டப்போகிறேன்.