ஐந்தாவது குரல் வரும்வரை விழாதவளுக்கு

இவருடைய ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் பஞ்சு உறையைக் கழற்றித் துவைக்கலாம் என்று இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். கையில் எடுத்ததும் தேங்காயெண்ணெயும் எலுமிச்சையும் கலந்த ஒரு வாடை. புளியங்குடி எலுமிச்சை மண்டியில் கணக்கு எழுதுகிறவரின் தலையில் வேறு என்ன வாடை வரும்? உறையின் ஓரத்தில் ஒரு நீள முடி சிக்கியிருந்தது. என் முடி. அதைப் பார்த்ததும் தனியாகச் சிரித்துவிட்டேன். பிள்ளை தூங்கிவிட்டாள். இந்தச் சிரிப்பு எதற்கென்று உன்னிடம்தான் சொல்ல முடியும்.

நமக்கு அப்போது ஒன்பது வயது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழ் பேசிக்கொண்டு வந்த அந்த ஜப்பான் தொடரை, உங்கள் வீட்டு டிவியின் முன்னால் தெருப்பிள்ளைகள் எல்லாம் உட்கார்ந்து பார்ப்போம். ஐந்து நிறச் சட்டைக்காரர்கள், வாரம் ஒரு பூதம். ஒரு வாரம் மீன் தலை, மறு வாரம் குக்கர் மாதிரி ஒரு தலை. அது அடி வாங்கும், வானளவு வளரும், மறுபடி அடி வாங்கி வெடிக்கும். "எங்களை மன்னித்துவிடு தீயவனே" என்று சுத்தத் தமிழில் வசனம் வரும்போது நீ விழுந்து விழுந்து சிரிப்பாய்.

பாதித் தொடரில்தான் அவன் வந்தான். தலை முழுக்க மூடிய கறுப்புக் கவசம். சிரிக்க மாட்டான், கத்த மாட்டான், வளரவும் மாட்டான். சும்மா நடந்து வருவான். அவன் வந்த வாரத்திலிருந்து அந்தத் தொடரில் வெயிலே இல்லாமல் போயிற்று. எப்போதும் மழை, இல்லாவிட்டால் சாயங்காலம். எந்நேரமும் தின்றுகொண்டே இருக்கும் மஞ்சள் சட்டைக்காரன் தின்பதை நிறுத்தினான். பாட்டுகூட மெதுவாகிவிட்டது. பிள்ளைகள் பாதிப்பேர், "இது போரடிக்குதுட்டி" என்று எழுந்து போனார்கள். நீ மட்டும் முட்டியைக் கட்டிக்கொண்டு முன்னால் நகர்ந்தாய். "இப்பதாம்ட்டி நெசமாவே சண்ட போடுதாங்க. இதுவரைக்கும் விளையாட்டு காட்டுனாங்க" என்றாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் ஐந்து பேரையும் அடித்து மழையில் போட்டுவிட்டு நடந்து போனான். 'தொடரும்' என்று போட்டார்கள். அதற்கடுத்த நாள் உங்கள் வீட்டில் கேபிள் வயரைக் கழற்றிவிட்டார்கள். உன் அண்ணனுக்குப் பத்தாவது பரீட்சை. நம் தெருவில் ஒரு வீட்டில் கழற்றினால் எல்லா வீட்டிலும் கழற்றுவார்கள். பிள்ளை படிக்கும்போது பக்கத்து வீட்டில் டிவி ஓடினால் அது ஒரு சண்டை. பரீட்சை முடிந்து வயரை மாட்டியபோது அந்த நேரத்தில் வேறு ஏதோ ஒரு தொடர் ஓடிக்கொண்டிருந்தது.

நான் நம் தெருத் தறிக்கூடத்தைத் தாண்டித் தனியாகப் போகமாட்டேன் என்று அழ ஆரம்பித்தது அந்த நாட்களில்தான். ஜெயித்தவன் எங்கேயாவது இருக்கத்தானே செய்வான்?

உன் அப்பா சபரிமலைக்கு மாலை போடும்போது கட்டுகிற கறுப்பு வேட்டியைப் போர்த்திக்கொண்டு நீ தெருவில் வந்து நின்றாய். "ஏ மூதி, சாமி வேட்டிட்டி அது!" என்று உன் அம்மா வீட்டுக்குள்ளிருந்து கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. நீ அசையவில்லை. நாங்கள் ஐந்து பேரும் கைமேல் கை வைத்து, "ஒன்றிணைவோம்!" என்று கத்தினால் வில்லன் விழ வேண்டும். அதுதான் தெரு விளையாட்டின் சட்டம். கத்தினோம். நீ விழவில்லை.

"ஏட்டி, நீ செத்துட்ட. விழு."

"எவன் சொன்னான்? நாலு சத்தம்தான் கேட்டுச்சு. அஞ்சாவது ஆள் எங்கன?"

ஐந்தாவது ஆள் நான். வாயைத் திறந்திருந்தேன், சத்தம் வரவில்லை. மறுபடி கத்தினார்கள். நீ நின்றாய். பிள்ளைகள் என்னைத் திட்டினார்கள், உன்னைத் திட்டினார்கள். நீ என்னை மட்டுமே பார்த்துக்கொண்டு, "அழுதா எல்லாம் விழமாட்டேன். கத்துட்டி" என்றாய். கடைசியில் என் தொண்டையிலிருந்து என்னவோ ஒன்று கிளம்பியது. நீ விழுந்தாய். தறியை நிறுத்திவிட்டு அண்ணாச்சிமார் வாசலுக்கு வந்து பார்க்கும்படி, உருண்டு, காலை உதறி, சாக்கடை ஓரம் வரை போய்ச் செத்தாய். அன்றைக்குச் சாயங்காலம் நான் தனியாகத் தறிக்கூடத்தைத் தாண்டிப் போனேன்.

பிறகு வளர்ந்தோம், கல்லூரிக்குப் போனோம், கல்யாணமாயிற்று. ராஜபாளையம் ரோட்டில் ஒரு ஸ்கூட்டியின் பின்னால் நீ உட்கார்ந்து போனாய், வீடு திரும்பவில்லை. பின்னால் இருக்கிறவளுக்கு எதற்கு ஹெல்மெட் என்று எல்லோரும் நினைக்கிற மாதிரிதான் நீயும் நினைத்திருப்பாய். அதைப் பற்றி இவ்வளவுதான் என்னால் எழுத முடியும். அதற்குப் பிறகு நான் எதற்கும் பயப்படுகிறவளாகிவிட்டேன். பிள்ளை இருமினால் தெர்மாமீட்டர், இவர் வரப் பத்து நிமிஷம் தாமதமானால் போன்.

மகிழுக்கு இப்போது ஐந்து வயது. நீ பார்க்காத என் மகள். அவளும் அதே மாதிரி ஒரு தொடரைச் செல்போனில் பார்க்கிறாள். வேறு தொடர், வேறு நிறங்கள், ஆனால் பாதியில் வருகிறவன் அதே ஜாதி. கறுப்புத் தலை, மெதுவான நடை. அவன் ஐந்து பேரையும் சாய்த்த அன்றைக்கு இவள் அழுதாள். நான் பொறுப்பான அம்மா அல்லவா? அந்த நிமிஷமே செல்போனிலிருந்து அந்த ஆப்பை எடுத்துவிட்டேன்.

அதிலிருந்துதான் கோளாறு. இவர் வேலை முடிந்து கறுப்பு ஹெல்மெட்டோடு வாசலில் பைக்கை நிறுத்தினால் மகிழ் கட்டிலுக்கடியில் போய்விடுவாள். பெற்ற அப்பாவைப் பார்த்துத்தான் அந்த அலறல். இவர் தெருமுனையிலேயே கழற்றிவிட்டு வந்து பார்த்தார். மாடியிலிருந்து அதையும் பார்த்துவிட்டாள். கடைசியில் ஹெல்மெட் ஃப்ரிட்ஜின் மேல் ஏறிவிட்டது. இவர் வெறுந்தலையோடு புளியங்குடிக்குப் போய்வர ஆரம்பித்தார்.

"பிள்ள பயந்து நடுங்குதா. என்ன செய்யச் சொல்லுத?" என்பார்.

"பயந்தா பயந்துட்டுப் போறா. போட்டுட்டுப் போங்க."

"நீ அவ மூஞ்சியப் பாத்துட்டுச் சொல்லு."

அவள் முகத்தைப் பார்த்தால் எனக்கும் சொல்ல வராது. தினமும் அந்தப் பைக் சத்தம் தெருவுக்குள் நுழையும்வரை உன் நினைப்பாகவே இருக்கும்.

ஒருநாள் தலை பின்னும்போது மகிழ் கேட்டாள். "அம்மா, அந்தக் கறுப்பன் இப்ப எங்கன இருக்கான்?"

"அவன் போயிட்டான் மக்கா. அதான் அம்மா அழிச்சிட்டேன்லா?"

"நீ போன்லருந்துதான அழிச்ச? அவங்க அஞ்சு பேரும் கீழ கெடந்தாங்கல்லா. அவன்தான ஜெயிச்சான்?"

கேபிள் வயரைக் கழற்றிவிட்டிருக்கிறேன், ஏட்டி. நான் படித்துப் பட்டம் வாங்கி, அதையே செய்திருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கறுப்பு நைட்டியின் மேல் கறுப்புத் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டேன். மகிழ் பார்க்கப் பார்க்கவே ஹெல்மெட்டைத் தலையில் மாட்டினேன். "அம்மாதான். ஆனா இப்ப நான் அவன். முடிஞ்சா விழவைங்க" என்று சொல்லிவிட்டு மொட்டைமாடிக்கு ஏறினேன். பக்கத்து வீட்டு அஸ்வினும் அவன் கூட்டாளிகள் மூன்று பேரும் ஒரே குதூகலம். மகிழ் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

நான்கு பேர் கைமேல் கை வைத்துக் கத்தினார்கள். நான் நின்றேன்.

"அத்த, விழணும்!" என்றான் அஸ்வின்.

"நாலு சத்தம்தான் கேட்டுச்சு."

தொட்டிக்குப் பின்னாலிருந்து அழுகை வந்தது. துணி எடுக்க வந்த அஸ்வினின் அம்மா, "ஏ மைனி, பிள்ள அழுதால்லா. சட்டுன்னு விழுந்து தொலைங்களேன்" என்றாள். எனக்கும் விழுந்துவிடத்தான் ஆசை. அந்த அழுகைக்கு நான் எப்போதும் உடனே விழுகிறவள்தானே. ஹெல்மெட்டுக்குள் வேர்த்துக் கொட்டியது, என் மூச்சே எனக்குப் பெரிதாகக் கேட்டது. வேட்டியைப் போர்த்திக்கொண்டு என்னைப் பார்த்து நின்றாயே, அப்போது உனக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா? ஒன்பது வயதில் உனக்கு எங்கிருந்து வந்தது அசையாமல் நிற்கிற அந்தத் திண்ணக்கம்?

நின்றேன். மறுபடி கத்தினார்கள், மறுபடி நின்றேன். பிள்ளைகளுக்கு என்மேல் நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. விளையாட்டு விளையாட்டாக இல்லாமல் போன அந்த நேரத்தில்தான் தொட்டிக்குப் பின்னாலிருந்து மகிழ் வந்தாள். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. என்னைப் பார்க்கவே இல்லை. நேராக அஸ்வினிடம் போனாள்.

"ஏலே, நீ முந்திக் கத்துத. அதான் அவன் விழமாட்டேங்கான். நான் ஒண்ணு ரெண்டு மூணு சொல்லுதேன். அப்புறம் கத்தணும், என்ன?"

ஐந்து கை ஒன்றன்மேல் ஒன்றாக. எல்லாவற்றுக்கும் மேலே என் மகளுடைய கை. அவள் எண்ணினாள். கத்தினார்கள். அந்தச் சத்தத்துக்கு எதிர்வீட்டுப் புறாக்கள் மொத்தமும் எழும்பின.

விழுந்தேன், ஏட்டி. முழங்கை தேய, முட்டி தேய, மாடியின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு உருண்டு விழுந்தேன். அஸ்வினின் அம்மா காயவைத்திருந்த வடகத்தில் பாதி போயிற்று. மகிழ் என் நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்து இரண்டு கையாலும் ஹெல்மெட்டைப் பிடுங்கினாள். முடியோடு பிடுங்கினாள். அதைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு மாடி முழுக்க ஓடினாள். மற்ற நான்கு பேரும் பின்னால் ஓடினார்கள்.

மறுநாள் காலையில் இவர் பைக்கை எடுக்கும்போது மகிழ் ஹெல்மெட்டைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "குனிங்கப்பா. இது அவன் தல. நாங்க புடுங்கிட்டோம். இனிமே உங்களுக்கு" என்று மாட்டிவிட்டு, வாரைக் கொக்கியில் போடத் தெரியாமல் என்னைக் கூப்பிட்டாள். நான் போட்டேன். டக்கென்று ஒரு சத்தம். தெருமுனை திரும்பும்வரை அந்தக் கறுப்புத் தலையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஆப்பை மறுபடி ஏற்றி, மீதித் தொடரையும் இரண்டு பேருமாகப் பார்த்துமுடித்தோம். கடைசியில் அவன் ஒரு மின்னலில் சடக்கென்று சாய்ந்துவிட்டான். மகிழ் உதட்டைப் பிதுக்கி, "இவனுக்கு விழவே தெரியலம்மா" என்றாள். உனக்காக எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

என் பயம் ஒரே நாளில் ஓடிவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். இன்றைக்குக் காலையில் பள்ளிக்கூட வாசலில் மிஸ் அவளிடம் ஏதோ கேட்டார்கள். அவள் பதில் சொல்லாமல் திரும்பி என்னைப் பார்த்தாள். வழக்கமாக நான்தான் முந்திக்கொண்டு சொல்வேன். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு, உன்னை மாதிரி அவளை மட்டுமே பார்த்தபடி நின்றேன். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. மிஸ் காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன்.

சொன்னாள். தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.