இரண்டு முறை தைத்த புத்தகம்

இன்று காலை நான் வேலை செய்யும் நூலகத்துக்கு ஒரு பெட்டி பழைய புத்தகங்கள் வந்தன. மேலே கிடந்ததைத் தூக்கியதும் அதன் முதுகிலிருந்து ஓர் இழை பிரிந்து என் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டது. உதறிவிட மனம் வரவில்லை. நீ எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் உடம்பில் நூல் ஒட்டியிருக்கும். புக்கிட் ரம்பாய் தையல் கம்பெனியில், தைத்து வரும் சட்டைகளைச் சோதித்து அனுப்புகிற வேலை உனக்கு. வாசலில் நன்றாக உதறிவிட்டுத்தான் வந்தேன் என்பாய். நீ எழுந்து போன நாற்காலியில் நீலமும் சிவப்புமாக இழைகள் கிடக்கும். அம்மா முணுமுணுத்துக்கொண்டே பொறுக்குவார்.

மலாக்காவில் உள்ள ரெம்பியாவில் ஒரே பள்ளியில் படித்தோம். ஐந்தாம் படிவத்தோடு பள்ளியை முடித்து நீ வேலைக்குப் போனாய். நான் கோலாலம்பூரில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. முதல் விடுமுறையில் என்ன படிக்கிறாய் என்று கேட்டாய். புத்தகங்களின் வரலாறு என்றேன். ஒரு புத்தகம் எங்கே அச்சானது, எத்தனை தாள், யார் யார் கைக்குப் போனது என்று ஆராய்ந்து பட்டியல் போடுவோம் என்று விளக்கினேன்.

"அப்ப படிக்க மாட்டீங்களா?"

"படிப்போம். அதுக்கு முன்னாடி அளப்போம்."

"நாங்களும் அப்படித்தான்லா. சட்டைய போட மாட்டோம், அளந்து அனுப்பிருவோம்."

அதன் பிறகு நம் இருவருக்கும் ஒரே வேலைதான் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தாய்.

இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு, மலாக்காவில் தமிழர் வீடுகளில் எஞ்சியிருக்கும் பழைய தமிழ்ப் புத்தகங்களைத் தேடிப் பட்டியலிடுவதாக எழுதிக் கொடுத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் உன் மோட்டார் சைக்கிளில் சுற்றினோம். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள், பட்டணத்து வீடுகள், ஒரு முடிதிருத்தும் கடை. பல வீடுகளில் கரையான் தின்றுவிட்டது என்றார்கள். ஒரு வீட்டில் பெரிய தகர டின்னைப் பத்திரமாக இறக்கித் திறந்தால், உள்ளே கல்யாணப் பத்திரிகைகள் மட்டும் இருந்தன. ஆனால் பசியாறாமல் எந்த வீட்டிலும் விடவில்லை. பட்டியல் மெலிந்தது, நாம் இருவரும் தடித்தோம்.

கோலா சுங்கை பாருவில் ஓய்வுபெற்ற லாரி டிரைவர் ஒருவர் பழைய பாட்டுப் புத்தகம் வைத்திருப்பதாகத் தகவல் வந்தபோது உனக்கு ஓவர்டைம். நான் மட்டும் பஸ்ஸில் போனேன். அவருடைய அப்பா கப்பலில் வந்தபோது கொண்டுவந்தது. அட்டையும் இல்லை, முதல் தாளும் இல்லை. பக்க எண் நாற்பத்தெட்டு வரை ஓடி, மறுபடி ஒன்றில் தொடங்கி முப்பத்திரண்டில் முடிந்தது. எந்தப் பட்டியலிலும் அப்படி ஒன்று இல்லை. இரண்டு பாகங்கள் கொண்ட, இதுவரை யாரும் அறியாத நூல் என்று முடிவு கட்டினேன். அதைப் பற்றியே இருபது பக்கம் எழுதினேன். உண்மையானால் ஆய்வேட்டிலேயே சிறந்த பகுதி இதுதான் என்றார் என் விரிவுரையாளர். எனக்குக் கால் தரையில் இல்லை.

ஒப்படைக்க இரண்டு வாரம் இருக்கும்போது, ஓர் அளவைச் சரிபார்க்க மீண்டும் போனோம். இந்த முறை நீயும் வந்தாய். நான் அளவுகோலைத் தேடிக்கொண்டிருந்தேன். நீ புத்தகத்தை நடுவில் விரித்து, தாள் மடிப்பில் விரலை மெல்ல ஓட்டினாய்.

"இதுல ரெண்டு தடவ தையல் போட்டிருக்குடி. பழைய ஊசி ஓட்ட இருக்கு பாரு."

பூச்சி அரித்திருக்கும் என்றேன்.

"பூச்சி அளந்து பாத்தா அரிக்கும்? ஒரே இடைவெளியில நாலு ஓட்ட, நூலே இல்லாம சும்மா இருக்கு. முன்பாதியில அது இல்ல. பின்பாதி வேற எங்கயோ தனியா இருந்திருக்கு. பிரிச்சு எடுத்து இதோட சேத்திருக்காங்க."

தேநீரோடு வந்த லாரி டிரைவர் மாமா அதைக் கேட்டுவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்: "ஆமா, எங்கம்மா தச்சது. அது ரெண்டு புத்தகம். தனித்தனியா இருந்தா ஒன்னு தொலஞ்சிரும்னு மாவுச் சாக்குல நூல உருவி ஒன்னா தச்சிட்டாங்க. நீ கேக்கவே இல்லையேம்மா."

கேட்கவில்லைதான். அவர் எதிரிலேயே உட்கார்ந்து, புத்தகத்தை மட்டும் பார்த்திருக்கிறேன்.

திரும்பும்போது கடற்கரையில் இளநீர் குடிக்கலாம் என்றாய். வேண்டாம் என்றேன். மூன்று நாள் உன்னோடு பேசவில்லை. எனக்குக் கிடைத்த ஒரே கண்டுபிடிப்பை நீ விரலால் தடவி அழித்துவிட்டாய் என்று கோபம். அந்த இருபது பக்கத்தை அப்படியே கொடுத்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்றுகூட நினைத்தேன்.

மூன்றாம் நாள் வேலை முடிந்து நேராக வந்தாய். கோபமா என்று கேட்கவில்லை. என் கட்டிலில் உட்கார்ந்து, அந்தப் பக்கங்களை எடுத்துப் புரட்டினாய்.

"நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா கோணலான சட்டைய மறச்சு அனுப்பினா, அது கப்பலேறிப் போயி திரும்பி வரும்லா. வந்தா எல்லாருக்கும் தெரியும். இப்பவே பிரிச்சிரு. நான் கூட இருக்கேன்."

பிரித்தோம். மாமாவிடம் மீண்டும் போய், இந்த முறை அவரைக் கேட்டோம். அவருடைய அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாதாம். அப்பா லயத்தில் பாடக் கேட்டுக் கேட்டு இரண்டு புத்தகமும் அம்மாவுக்கு மனப்பாடம். அந்த அம்மாள் தைத்த கதையை எழுதினேன். இருபது பக்கம் பன்னிரண்டாகக் குறைந்தது. விரிவுரையாளர் படித்துவிட்டு, ஓட்டைகளை யார் பார்த்தது என்று கேட்டார். சொன்னேன். அந்தப் பெண்ணை அழைத்து வா என்றார்.

அரைநாள் லீவு போட்டு, இருந்ததிலேயே நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாய். அவர் அறையில் ஐந்து நிமிடம் அடக்கமாக உட்கார்ந்திருந்தாய். பிறகு அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டி, "சார், இது ரிஜெக்ட்," என்றாய். அது அவரே எழுதிய புத்தகம். அறுபத்து நான்காம் பக்கத்தை அடுத்து எண்பத்தொன்று வந்தது. எத்தனையோ வருடம் அவர் தலைக்குமேல் இருந்த புத்தகத்தை அவர் திறந்தே பார்த்ததில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். பஸ்ஸில் ரெம்பியா வரும்வரை நாமும் சிரித்தோம்.

போன வருடம், நோய் என்று தெரிந்து நான்கு மாதத்தில் போய்விட்டாய். அறுவை சிகிச்சைக்குப் பிறகு வார்டுக்கு வந்த என்னிடம், தையலைப் பார்த்தாயா என்று கேட்டாய். "நேரா இருக்கு. பாஸ் பண்ணிட்டேன்," என்றாய். அழ வந்தவள் சிரித்துவிட்டுத் திரும்பினேன்.

அந்த மூன்று நாளுக்காக உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் எதற்கு என்று மறந்துபோனவள்போல் முழித்திருப்பாய். வேலையில் என் தவறு தெரிந்தால் இப்போது நானே முதலில் சொல்லிவிடுகிறேன், இளையவர்கள் ஆச்சரியப்படுகிறார்கள். கோபம் மட்டும் எனக்கு இன்னும் குறையவில்லை. ஆனால் யாரோடு சண்டை போட்டாலும் மூன்று நாள் ஆக விடுவதில்லை. அன்று மாலையே அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றுவிடுகிறேன்.