தலைத்தோல்

நவம்பர் 3, ஞாயிறு

இல்லை, ஒரே தமிழ்ச் சொல் போதாது. நான் மொழிபெயர்க்கும் கட்டுரை ‘ஸ்கால்பிங்’குக்கு ஐந்து பொருள் சொல்கிறது. எதிரியின் தலைத்தோலை முடியோடு அறுத்தெடுப்பது. கிரிக்கெட் டிக்கெட்டை வாங்கிப் பதுக்கிக் கூடுதல் விலைக்கு விற்பது. பங்குச் சந்தையில் நிமிடத்துக்கு நிமிடம் சில்லறை லாபம் பார்ப்பது. புல்லை மண் தெரிய வெட்டுவது. மாவு மில்லில் முதல் சல்லடையில் கசடைப் பிரிப்பது. மூலச்சொல் வட ஐரோப்பாவிலிருந்து வந்திருக்கலாம். உறை, ஓடு என்று பொருளாம்.

ஓடு. அழகுதான்.

நவம்பர் 5

சித்தியர்கள் என்ற பழங்கால நாடோடிப் படையினர் எதிரியின் தலைத்தோலைக் குதிரையின் கடிவாளத்தில் தொங்கவிட்டார்கள். அமெரிக்காவில் குடியேறியவர்களின் அரசுகள் பூர்வகுடிகளின் தலைத்தோலுக்குப் பரிசு அறிவித்தன. குழந்தையின் தலைக்கும் விலை இருந்தது. குழந்தைக்கும்.

‘சிகையுரிப்பு’ என்று சொல் வைத்தேன். கச்சிதம்.

நவம்பர் 8, வெள்ளி

தூக்கம் வரவில்லை. எழுதினால் வருமா?

பள்ளிக்கூடம் விட்டதும் ராகி அரைக்க அர்த்தனாரியின் மில்லுக்குப் போனேன். பக்கத்து வீட்டு அருணா அங்கேதான் வேலை செய்கிறாள். வெள்ளிக்கிழமை, தலைக்குக் குளித்து, ஈரம் காய முடியை விரித்துவிட்டிருந்தாள். “வரிசையில வாங்க டீச்சரக்கா. டீச்சருன்னா முன்னால கொட்டிருவமா?” சிரித்துக்கொண்டே, ஓடுகிற மோட்டார் பெல்ட்டுக்கு அடியில் சிந்தியதை அள்ளக் குனிந்தாள்.

முடியைப் பெல்ட் இழுத்தது. சாக்கு கிழிகிற சத்தம். அவள் கத்தவில்லை. கத்தியது நான். புருவத்துக்கு மேலே — இல்லை. எழுத மாட்டேன்.

அர்த்தனாரி மோட்டாரை நிறுத்தினார். தலையைத் துண்டால் சுற்றி 108-இல் ஏற்றினோம். அவள் புருஷன் செல்வம் கூடப் போனார். பாதி மலையிலிருந்து ஆம்புலன்ஸ் நர்ஸ் என் போனுக்கு: “அந்தத் தோல் எங்கீங்க? இருந்தாத்தான் ஒட்ட முடியும். ஈரத்துணியில சுத்தி, கவர்ல கட்டி, ஐஸ் மேல வெச்சுக் கொண்டாங்க. ஐஸ் நேராப் படக்கூடாதுங்க.”

பெல்ட்டில் இல்லை.

மில்லுக்குப் பின்னால் அருணாவின் மாமியார் மாதம்மாள் குழி தோண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில், கிழித்த முந்தானையில் சுற்றி — அது.

“குடுங்கம்மா.”

“ரத்தத்தோட வெளிய கெடக்கக் கூடாது கண்ணு. நாய் இழுத்துரும். எம் மருமவ முடி.”

“ஒட்ட வெப்பாங்களாம்.”

“ஒட்டுமா?”

“தெரியலீங்க.”

மண்வெட்டியைப் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார். வாங்கினேன். கனம். ஈர முடியின் கனம். சீயக்காய் வாசனை.

டீக்கடையில் ஐஸ் பெட்டி கிடைத்தது. அர்த்தனாரி வண்டி ஓட்ட, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கினேன். வளைவுக்கு வளைவு முனகினார்: “பெல்ட்டுக்கு வலை போட்டிருக்கோணும்... போட்டிருக்கோணும்...” அடிவாரத்தில் நின்ற இன்னொரு ஆம்புலன்ஸில் பெட்டியைக் கொடுத்தேன். அதன்பிறகும் மடி சில்லென்றே இருந்தது.

நவம்பர் 9

ஆபரேஷன் முடிந்தது. ஒட்டுமா என்று இன்னும் சொல்லவில்லை.

‘சிகையுரிப்பு’ — கோடு போட்டு அடித்துவிட்டேன். எவ்வளவு சுத்தமான சொல். வெட்கமாக இருக்கிறது.

நவம்பர் 12

முன்பக்கம் கறுத்துவிட்டது, வெட்டி எடுத்துவிட்டார்கள். பின்பக்கம் பிடித்திருக்கிறது.

கடிவாளத்தில் கட்டியவன் கையிலும் இதே கனம்தானே இருந்திருக்கும்? எப்படிச் சாப்பிட்டான்? எனக்குச் சோறு இறங்கலையே.

நவம்பர் 30, சனி

சேலம் ஆஸ்பத்திரி. கட்டுக்குக் கீழே, காதுக்குப் பின்னால், அருணாவுக்குப் பொடிப்பொடியாக முடி.

“ஏனுங்க டீச்சரக்கா, என் தலை உங்க மடியில உக்காந்து மலை எறங்குச்சாமா? டிக்கெட் எடுத்தீங்களா?”

அவள்தான் சிரித்தாள். பிறகு கேட்டாள்: “மில்லுல பெல்ட்டுக்கு வலை போட்டாச்சுங்களா?”

“இல்லை.”

“மில்லு ஓடுதா?”

“ஓடுது.”

“இப்ப யாரு கூட்டறா?”

“ராமாயி.”

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

திரும்பும் வழியில் சேந்தமங்கலத்தில் இறங்கிக் கம்பிவலை வாங்கினேன். சுருளை மடியில் வைத்துக்கொண்டு மலை பஸ்ஸில் உட்கார்ந்தேன். அதற்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தேன்.