கீழ்த்தளத்திலிருந்து முதல் மாடிக்கு வராத இணைப்பு

அனுப்புநர்:
உரிமையாளர்,
சிறு இணையச் சேவை நிறுவனம்,
முதல் மாடி, பழைய அச்சகக் கட்டடம்.

பெறுநர்:
மண்டல அலுவலர் அவர்கள்,
தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அலுவலகம்.

பொருள்: கட்டணமில்லா நேரடி இணைப்புக்கான நிபந்தனைகளை நிறைவேற்றிய பிறகு அவற்றை மாற்றி, இணைக்க மறுப்பது – நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அலுவலர் அவர்களுக்கு,

1. நானும் என் அக்காள் கணவரும் நாலைந்து தெருக்களுக்கு இணைய இணைப்பு கொடுத்து வருகிறோம். எங்கள் அலுவலகத்துக்கு நேர்கீழே, அதே கட்டடத்தில், ஒரு பெரிய நிறுவனத்தின் கருவி அறை இருக்கிறது. நடுவில் ஒரு மாடிப்படிதான். ஆனால் எங்கள் வாடிக்கையாளர் அவர்களுடைய வாடிக்கையாளரைக் காணொளியில் அழைத்தால், அந்த அழைப்பு எங்கோ இருக்கும் வேறொரு நகரத்தைச் சுற்றிக்கொண்டுதான் கீழே இறங்குகிறது. வழியெல்லாம் நெரிசல். படம் அப்படியே நின்றுவிடுகிறது.

2. ஒருவரிடம் ஒருவர் பணம் கேட்காமல் நேரடியாக இணைத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கேட்டோம். மூன்று நகரங்களில் கருவி வேண்டும், பெறும் அளவுக்கு ஈடாகத் தரவு அனுப்பவும் வேண்டும் என்றார்கள். நியாயம் என்றே எடுத்துக்கொண்டோம். வேறு சிறு நிறுவனங்களோடு சேர்ந்து வெளியூர்களில் இடம் பிடித்தோம். எங்கள் வாடிக்கையாளர்கள் பார்ப்பவர்களே தவிர அனுப்புபவர்கள் அல்லர். அதனால் பாடக் காணொளி தயாரிப்பவர்களைக் கெஞ்சிக் கூத்தாடி எங்கள் பக்கம் கொண்டுவந்தோம். அத்தான் தம் படுக்கையையே அலுவலகத்துக்கு மாற்றிக்கொண்டார்.

3. எல்லாம் முடித்துப் போய் நின்றபோது அவர்களுடைய மேலாளர், "இப்ப அஞ்சு ஊர் வேணும் சார், போன வாரம்தான் பாலிசி மாத்தினாங்க" என்றார். அஞ்சு ஊருக்கும் போனால் இணைப்பீர்களா என்று அத்தான் கேட்டார். "அப்ப பார்த்துக்கலாம்" என்பதே பதில்.

4. இது போதாதென்று அவர்களுடைய விற்பனையாளர்கள் எங்கள் தெருக்களில் கதவு தட்டி, "அவங்க லைன்ல படம் நிக்கத்தான் செய்யும்" என்கிறார்கள். படத்தை நிற்க வைப்பவரே அதைக் காட்டி ஆள் பிடிப்பதை வேறெந்தத் தொழிலில் பார்த்திருக்கிறீர்களோ, அறியேன்.

5. என் அக்காளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவள் மகள் நகரின் மறுகோடியில், பெரிய நிறுவனத்தின் இணைப்பில் இருக்கிறாள். இருவரும் சைகையில்தான் பேசிக்கொள்வார்கள். படம் நின்றால் நமக்குக் குரலாவது வரும். அவர்களுக்குப் பேச்சே நின்றுவிடும். சென்ற மாதம் கர்ப்பிணியான மகள் ஸ்கேன் பார்த்துவிட்டு அழைத்தாள். 'குழந்தை' என்று காட்டிய கையோடு அக்காள் பக்கம் படம் நின்றது. அடுத்து நல்ல செய்திதான் என்று அக்காள் முகமெல்லாம் சிரிப்பாகக் காத்திருந்தாள். குழந்தை தங்கவில்லை என்பது அவளுக்கு வந்து சேரவில்லை. அவளுடைய சிரிப்பு மட்டும் மகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

6. மறுநாளே அக்காள் பெரிய நிறுவனத்துக்கு மாறினாள். எங்கள் பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றியவர் அத்தானே. அவள்மேல் எங்களுக்கு ஒரு வார்த்தை வருத்தமில்லை.

ஆகவே, நாங்கள் நிறைவேற்றிய நிபந்தனைகளின்படியே இணைக்குமாறு அந்நிறுவனத்துக்கு ஆணையிடக் கோருகிறேன். அது தங்கள் அதிகாரத்தில் இல்லையெனில், சிறியவர்களுக்கு இங்கே இடமில்லை என்று ஒரு வரி எழுதி முத்திரையிட்டுக் கொடுத்தாலும் போதும். அத்தானிடம் காட்ட வேண்டும். அவர் இன்னும் நான்காவது ஊரில் இடம் தேடிக்கொண்டிருக்கிறார்.

நாள்: 09.03.2023
இடம்: மேற்படி முகவரி

பதிலை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
உரிமையாளர்