பழனி வழி டிக்கெட்

தை வெள்ளி, இரவு. மதுரை.

கோயமுத்தூரில் வண்டி நிற்கும்போது ஸ்டேஷனுக்கு வந்து பார்ப்பதாக மகள் சொல்லியிருந்தாள். பாலக்காடு கவுண்டரில், மலையைக் கும்பிட்டுக்கொண்டே போகும் பழக்கத்தில், "மதுரைக்கு, பழனி வழிங்க" என்று கேட்டு வாங்கிவிட்டேன்.

கோயமுத்தூர் வண்டி ஏறும்போது பரிசோதகர் பார்த்தார். "இது பொள்ளாச்சி, பழனி வழி டிக்கெட்டுங்கம்மா. கோயமுத்தூர் வழியா போக ஆகாதுங்க."

வேறு டிக்கெட் வாங்குவதற்குள் வண்டி போய்விட்டது. போனில் சொன்னேன். "உடுங்கம்மா, எனக்கும் ஊட்டுல வேலை கெடக்குது" என்றாள். அவளுக்குப் பின்னால் ரயில் அறிவிப்பு கேட்டது.

பொள்ளாச்சி வண்டியில்தான் வந்தேன். பழனியில் மலை தெரிந்தது. கும்பிட்டேன். முருகனிடம் கேட்க ஒன்றும் தோன்றவில்லை.

அவளுக்குச் சுட்ட தேங்காய் ஒப்புட்டு பையிலேயே இருக்கிறது. நாளைக்குத் தாங்காது.